இருபத்திநாலாம் காணி

இருபத்திநாலு கடதாசித் துண்டுகளையும் ஒரே அளவாக மடித்தது நான்தான். மாதா கோயில் வாசலருகே ஒரு கதிரையில் இருந்தபடி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுதி, நான்காக மடித்து, வெறும் பூச்சாடி ஒன்றுக்குள் போட்டேன். இருபத்துமூன்று வரைக்கும் கை தடையில்லாமல் ஓடியது. கடைசித் துண்டை மடிக்கும்போது மட்டும் யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. பெண்கள் வெளியே பூவரச நிழலில் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

அது போர்நிறுத்தக் காலம். யாழ்ப்பாணத் தீவகத்தின் கரையோரம், மீன்பிடிக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு கிராமத்தில், பாவனையில் இல்லாத பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைச் சீலைகளால் பிரித்துக்கொண்டு இருபத்திநாலு குடும்பங்கள் வருடக்கணக்காக இருந்தன. சிலருடைய காணி படைமுகாம் வேலிக்குள் அகப்பட்டுக் கிடந்தது. மற்றவர்களுக்குக் காணி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. அவர்களுக்கு நிலையான வீடு கட்டிக்கொடுக்க வந்த ஒரு நிறுவனத்தில் நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். எட்டு வயது மகளை யாழ்ப்பாணத்தில் தங்கையிடம் விட்டுவிட்டு, அதே தீவில், வேலணையில் ஓர் அறையில் தனியே இருந்தேன். சனிக்கிழமைகளில் பண்ணைப் பாலத்தைக் கடந்து அவளிடம் போவேன். மழை இருட்டினால் பாலம் திறந்திருக்குமோ, பஸ் ஓடுமோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவேன். அந்தப் பழக்கம் இன்றைக்கும் விட்டபாடில்லை.

கிடைத்த அரச நிலம் இருபத்துமூன்று வீடுகளுக்குத்தான் சரி. கடல்பக்கம் இருந்த கடைசித் துண்டு பள்ளம். ஆவணி வெயிலில் அதுவும் மற்றக் காணிகளைப் போலவே வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஆனால் ஓரமெல்லாம் உமரிச் செடி படர்ந்திருந்தது. உமரி முளைக்கிற நிலத்துக்கு உப்புத் தண்ணீர் வந்துபோகும் என்பது தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். நானும் தீவில் பிறந்தவள்தான். நிலம் அளக்க வந்தவரிடம் சொன்னேன். "மாரிக்கு முந்தி வரைபடம் போகாட்டி முழுத் திட்டமும் வேறை ஊருக்குப் போயிடும், மிஸ். ஒண்டுக்காக இருபத்திமூண்டையும் விடப்போறியளோ?" என்றார். நான் விடவில்லை. கையெழுத்து வைத்தேன்.

யாருக்கு எந்தக் காணி என்பதை நிறுவனமே தீர்மானிப்பதாக இருந்தது. ஊரார் ஒப்புக்கொள்ளவில்லை. கரையில் யார் எந்த நாள் வலை இழுப்பது என்பதையே திருவுளச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற ஊர் அது. சீட்டில் விழுந்ததைப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. காணிக்கும் சீட்டே போடுங்கள் என்றார்கள். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. எந்தக் குடும்பத்தின் பெயரையும் அந்தப் பள்ளத்துக்கு நேரே என் கையால் எழுத வேண்டியதில்லை அல்லவா?

இருபத்திநாலாம் காணி அக்காவுக்கு விழுந்தது. எனக்குப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. மீன் வாங்கிக் கருவாடு போட்டு ஒரு மகளை வளர்த்தார். ஏழு இடங்களில் இருந்து இடம்பெயர்ந்தவர். வீட்டின் வரைபடத்தை நான் விரித்துக் காட்டியபோது அவர் அதைப் பார்க்கவே இல்லை. "எனக்கு மாளிகை வேண்டாம், மிஸ். இனி மூட்டை கட்டத் தேவையில்லாத ஒரு இடம் தாங்கோ, அதுவே காணும்" என்றார். சீட்டைப் பிரித்துப் பார்த்து, பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினார். "அக்காவுக்குக் கடல் பக்கம். நல்லாக் காத்து வாங்கலாம்" என்றாள் அவள். "ஓம், நீரும் வாரும். காத்துக்கு நான் காசு கேக்கமாட்டன்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்காவின் வீடு கட்டி முடிந்த முதல் மாரியில் தண்ணீர் படிவரை வந்தது. அடுத்த மாரியில் குசினிக்குள், அடுப்படிவரை வந்தது. முன்பெல்லாம் மார்கழியில் சில நாள் ஏறி வடிந்துவிடும் என்று வயதானவர்கள் சொன்ன கடல்நீர், இப்போது ஐப்பசியிலேயே வந்து தை வரைக்கும் கிடந்தது. நல்ல தண்ணீர்க் கிணறும் கரிக்கத் தொடங்கியது. ஒரு பயிற்சி வகுப்பில் 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லை அப்போதுதான் கேட்டேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மறுபடியும் ஓர் ஆறுதல். கடல் மாறியது உண்மைதான். ஆனால் பள்ளம் என்று தெரிந்துகொண்டு கொடுத்தது கடலல்ல.

அக்கா மாரிக்கு மாரி மகளோடு பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பினார். அப்போது அங்கே வேறு குடும்பம் இல்லை. சீலை கட்டிப் பிரிக்கத் தேவையில்லாத அளவுக்கு இடம் இருந்தது. எங்கள் பதிவில் அவர் வீடில்லாதவர் அல்ல. அவருடைய பெயருக்கு நேரே 'வீடு பெற்றவர்' என்று இருந்தது. படிவத்தில் இடம்பெயர்ந்த காரணத்தை எழுதும் இடத்தில் போர் இருந்தது, தண்ணீர் இல்லை.

ஒரு பங்குனிப் பகலில் போய்ச் சொன்னேன். "அக்கா, அந்தக் காணி பள்ளம் எண்டு எனக்கு முதலே தெரியும்."

பாயில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "எல்லாருக்கும் தெரியும், பிள்ளை. நாங்கள் என்ன கண் தெரியாத ஆக்களோ? அதுக்குத்தானே சீட்டுக் கேட்டனாங்கள்."

அவரே தொடர்ந்தார். "நானும் மாதாவிட்டை மண்டாடினனான், அது வேறை ஆருக்காவது விழவேணும் எண்டு. ஆருக்கு எண்டும் நினைச்சு வச்சிருந்தனான். அதைச் சொல்லமாட்டன்." சிறிது சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப அழாதையும். அழுதுபோட்டு நீர் யாழ்ப்பாணம் போயிடுவீர். என்ரை பேரைத் திரும்பப் பதியும்."

பதிந்தேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் 'ஏற்கெனவே வீடு வழங்கப்பட்டவர்' என்று திரும்பி வந்தது. பிறகு போர் மறுபடி மூண்டது. நிறுவனம் தீவை விட்டுப் போனது. நானும் மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். போர் முடிந்த வருடம் வன்னியிலிருந்து வந்து முட்கம்பிக்குள் இருந்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வருடத்தில் மூன்று மாதம் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு வீட்டைப் பற்றி யாரிடம் பேசுவது? நானும் பேசவில்லை.

மகள் இப்போது வெளிநாட்டில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். படங்கள் அனுப்பினாள். மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்றுதான் முதலில் கேட்டேன். "இஞ்சை எல்லாம் அளந்து பாத்துத்தான் குடுக்கிறவை, அம்மா" என்றாள். நாங்களும் அளந்து பார்த்துத்தான் கொடுத்தோம் என்று வாய்வரை வந்தது. அடுத்த படத்தைப் பார்த்தேன்.

நான் தீவை விட்டுப் போவதற்கு முதல்நாள் அக்காவிடம் போயிருந்தேன். கார்த்திகை மாதம். பள்ளிக்கூடத்திலிருந்து இருவருமாக அந்தக் காணிவரை நடந்தோம். முழங்காலளவு தண்ணீரில் வீடு நின்றது. முன்கதவின் கீழால் தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அந்தக் கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது.

"உள்ளுக்கை ஏதும் சாமான் இருக்கோ, அக்கா?"

"ஒண்டும் இல்லை."

"பிறகேன் பூட்டினீங்கள்?"

அவர் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப்போய், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"திறந்து கிடந்தால் ஆக்கள் இல்லாத வீடு எண்டு எழுதிப்போடுவியள், பிள்ளை."

எழுதித்தான் இருப்போம்.