கக்கூசு யாரோட வார்த்தை?

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறை. சூளைக்குப் போகாத கழிப்பறைக் கோப்பைகள் வெயிலில் காய்கின்றன. நடுவே வேட்டி கட்டிய டச்சுக்காரர் ஒருவர் நிற்கிறார். சேத்தியாத்தோப்புப் பெண்ணைக் கட்டி இங்கேயே குடியேறி, தொழிலாளர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறாராம். இவ்வளவு சரளமாகத் தமிழ் பேசும் வெள்ளைக்காரரை எனக்கு நம்பத் தோன்றவில்லை.

கோப்பைகளை ஈரப் பஞ்சால் துடைக்கும் செல்வி என்னிடம் முறையிடுகிறார். "கக்கூசுன்றது இவரு பாஷையாங்க. நீங்களே கேளுங்க."

"நெசந்தாங்க. எங்காளுங்க வியாபாரத்துக்கு வந்தப்ப குடுத்துட்டுப் போனது," என்கிறார் அவர்.

சந்தேகத்தோடு செல்போனில் தேடுகிறேன். அவர் சொல்வது சரிதான்.

செல்வி அவரை மேலும் கீழும் பார்க்கிறார். "சரி சார், இதக் குடுத்துட்டு எத எடுத்துக்கினு போனீங்க?"

அதுவரை மடமடவெனத் தமிழ் பேசியவர் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவுகிறார்.