விரலில் சுற்றிய அட்டியல்

வேலாமணியைக் கெட்ட பிள்ளை என்று அரவேணுப் பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள். எட்டு வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரி வரைக்கும் போன பிள்ளை. அங்கே அவள் எடுத்தது நகை வடிவமைப்பு. "ஆசாரி வேலைக்கு காலேஜா?" என்று லயமே சிரித்தது. அவள் அம்மா அன்னக்கிளி மட்டும், "எம்புள்ள தங்கத்தத் தொட்டு வேல செய்யப் போறா. நீங்கெல்லாம் தொட்டாவது பாத்திருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள்.

அன்னக்கிளி தொட்டிருந்தாள். ஆனால் அந்தத் தங்கம் அவளுடையதல்ல.

இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, சிலோன் தோட்டத் தமிழர்களைக் காகிதம் வந்த வரிசையில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எழுபத்தொன்றில் தலைமன்னாரில் கப்பலேறும்போது ஆளுக்கு இவ்வளவு நகைதான் என்று அளவு வைத்திருந்தார்கள். கூடுதலாக வைத்திருந்தவர்கள், வெறுங்கழுத்தோடு முன்னால் போகிற குடும்பத்துக்குப் போட்டு அனுப்பிவிடுவார்கள். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. இந்தியாவில் சந்திக்கும்போது கழற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே பக்கத்து வீட்டுத் தெய்வம்மாவின் மூன்று பவுன் அட்டியல் அப்படித்தான் அன்னக்கிளி கழுத்தில் கடல் தாண்டியது. கரை இறங்கிய அன்றே அதைத் துணியில் முடிந்து பால்மா டின்னுக்குள் போட்டாள். பதினாலு வருஷம். ஒரு கல்யாணத்துக்குக்கூட எடுத்து மாட்டியதில்லை.

எண்பத்துநாலில் கப்பல் நின்றுபோனது. தெய்வம்மாவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

அடுத்த தையில் வேலாமணி லீவுக்கு வந்தாள். கல்லூரியில் கடைசி வருஷ வேலை பாக்கி இருந்தது. போட்டிருப்பவர் யார் என்று நகையே சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் வெட்டு விழாமலிருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தச் சுற்றைத் தங்கத்தில் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி. பித்தளையில் செய்து பார்த்தாள், பிடிக்கவில்லை. கப்பல்தான் நின்றுவிட்டதே, இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று அவளே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். அன்னக்கிளி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த நேரத்தில் டின்னைத் திறந்து அட்டியலை எடுத்தாள். கனம் குறையாமலிருக்கத் துணிக்குள் ஒரு பித்தளைச் சங்கிலியை முடிந்து வைத்தாள்.

அட்டியலை வெட்டி உருக்கிச் செய்த விரல்சுற்று கல்லூரிக் கண்காட்சியில் முன் வரிசையில் இருந்தது. எல்லோரும் மெச்சினார்கள். அவள் மட்டும் அந்த வரிசைப் பக்கமே போகவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வைகாசியில் ஊருக்குக் கொண்டுவந்தாள். இன்றைக்கு, நாளைக்கு என்று பெட்டியிலேயே கிடந்தது.

நாலாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு குரல்.

"அன்னக்கிளி ஊடு இதானா?"

தெய்வம்மாதான். கப்பல் நிற்பதற்கு முன்பே வந்துவிட்டாளாம். மண்டபம் முகாமிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மில்லை மூடியதும் தேவர்சோலைத் தோட்டத்துக்கு வந்து, ஆளாளுக்கு விசாரித்து இங்கே கண்டுபிடித்திருக்கிறாள்.

"அக்கா! உசுரோட இருக்கியாக்கா!" அன்னக்கிளி கட்டிக்கொண்டு அழுதாள்.

"எமனுக்கும் காயிதம் வரணுமில்ல, அவனுக்கும் லேட்டு போல," என்று தெய்வம்மா சிரித்தாள்.

"இரு அக்கா, மொத ஒன்னோட சாமானத் தந்துர்றேன். அப்பதான் எனக்குச் சோறு எறங்கும்." அன்னக்கிளி டின்னை எட்டி எடுத்தாள். அந்த முகத்தில் இருந்த பெருமையை வேலாமணி பார்த்தாள். அம்மா முடிச்சை அவிழ்ப்பதற்குள் பேசிவிட வேண்டும்.

"அம்மா, அவுக்காத. அதுல பித்தளதான் இருக்கு. நான் எடுத்துட்டேன்."

பெட்டியிலிருந்து விரல்சுற்றை எடுத்துத் தெய்வம்மா மடியில் வைத்தாள். அன்னக்கிளி டின்னைப் பிடித்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது வேலாமணிக்கு.

"தங்கம் குறையல பெரியம்மா. அப்படியே இருக்கு. நிறுத்துப் பாக்கலாம்."

தெய்வம்மா அதை விரலில் மாட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க புள்ள. ஆனா எனக்கு இது யாருதுன்னே தெரியலியே. பதினாலு வருசமா கண்ண மூடுனா என் அட்டியல்தான் தெரியும்."

"பழையபடியே செஞ்சு தர்றேன் பெரியம்மா."

"எப்படி இருந்துச்சுன்னு வரஞ்சு வச்சிருக்கியா?"

வேலாமணி இல்லையென்று தலையாட்டினாள். நாலு வருஷம் படித்ததில் ஆயிரம் படம் வரைந்திருப்பாள். சாலையில் கிடந்த ஆணியைக்கூட விட்டதில்லை. வெட்டுவதற்கு முன்னால் அந்த அட்டியலை ஒரு தடவை வரையத் தோன்றவில்லை.

நோட்டை எடுத்தாள். தெய்வம்மா சொல்லச் சொல்ல வரைந்தாள். நடுப் பதக்கம் மாங்காய் மாதிரி என்றாள், பிறகு இல்லை, அரசிலை மாதிரி என்றாள். பக்கத்துக்கு ஏழு பூவா, ஒன்பதா? தெய்வம்மா அன்னக்கிளியைப் பார்த்தாள். முடிந்து வைத்தவளுக்கும் நிச்சயமில்லை, வெட்டியவளுக்கும் இல்லை. மூன்றாவது படத்தைத் தெய்வம்மா வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதான்னு சொல்லிப்புடலாம். ஒம் மொகத்தப் பாத்தா சொல்லிரணும்போலதான் இருக்கு. ஆனா இது இல்ல புள்ள."

வேலாமணி அடுத்த தாளைத் திருப்பி, பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.