முத்துப்பேச்சிக்குச் சேரவேண்டிய ட்யூஷன் காசு

முத்துப்பேச்சிக்கு நான் அறுபது ரூபாய் தரவேண்டியிருந்தது. என் மகள் பொன்னுமணிக்கு மாசம் ஆறு ரூபாய் வீதம் பத்து மாசம் பாடம் சொல்லிக்கொடுத்த காசு. போடியில் என்னிடம் கடன் சொன்னவர்கள் உண்டு, நான் கடன் சொன்னதாக ஒருத்தரும் சொல்லமுடியாது. பன்னிரண்டு வயசில் தலைச்சுமையோடு மலை ஏறியவன் நான். நாற்பது வயசில் சொந்தமாக ஏலக்காய் மண்டி வைத்தேன். படிப்பு மூணாவதோடு சரி. கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் அழகாகப் போடுவேன். அப்படிப்பட்டவன் இந்த ஒரு காசை மட்டும் ரெண்டு வருசத்துக்கு மேல் நிறுத்திவைத்தேன்.

முத்துப்பேச்சி ராசிங்காபுரத்துப் பெண். பத்தாவது வரைக்கும் படித்தவள். அவள் புருசன், திருப்பதி என்று பேர், ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும்போது மேட்டு வளைவில் ஜீப்பிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் என் கொட்டகைக்குக் காய் பிரிக்க வந்தாள். காலையில் எட்டு மணிக்குத் தட்டுக்கு முன்னால் குனிந்தால் நல்ல காய் தனி, வெடித்தது தனி, வண்டு விழுந்தது தனி என்று பிரித்துப் போட்டுவிட்டு ஆறு மணிக்குத்தான் நிமிர்வாள். வீட்டுக்குப் போய்ப் புருசனைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, ஏழு மணிக்கு விளக்கை ஏற்றி ட்யூஷனுக்கு உட்காருவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தால், இவளைத் தூங்கவிட்டால் போதும் என்று நமக்கே தோன்றும்.

பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பேர் வாங்கிய பிள்ளைகள்தான் அவளிடம் வரும். சுடலை என்று ஒரு பயல், காது சரியாகக் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான். அவன் வந்ததும் விளக்கைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொள்வாள். கன்னையன் என்று இன்னொருவன், பூப்பாறைப் பக்கம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் மூணு வருசம் படித்துவிட்டு இறங்கி வந்தவன். அவனை முதலில் மலையாளத்தில் சொல்லச்சொல்லிக் கேட்பாள். பிறகுதான் தமிழ்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுபோலச் சொல்லிக்குடுத்தா வெரசாச் சோலி முடியும்ல," என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்க கொட்டகையில ஒச்சம்மா முழுகாம இருந்தப்போ அவளுக்கு மட்டும் மணை போட்டுக் குடுத்தீகளே, ஏன்?"

"அவளால சம்மணம் போட முடியல."

"அதுதாண்ணே."

பொன்னுமணியின் கதை வேறு. மனக்கணக்கில் என்னையே மிஞ்சுவாள். ஏழு மூட்டைக்கு எடை சொன்னால், நான் பென்சில் தேடுவதற்குள் தொகை சொல்லிவிடுவாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வியர்த்துவிடும். "எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது," என்பாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து நான் ரெண்டு தடவை அடித்திருக்கிறேன். ஏழாவதில் ஒருதடவை தவறிவிட்டாள். 1976 ஜூனில் முத்துப்பேச்சியிடம் அனுப்பினேன். இந்தத் தடவையும் தவறினால் படிப்பு கிடையாது, கொட்டகைதான் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

காசு பேசும்போது நான் மண்டிக்காரனாகவே பேசினேன். காய் ஏலத்தில் போன பிறகுதான் நாங்கள் பணம் பட்டுவாடா செய்வோம். அதே முறையில், பிள்ளை பாஸான பிறகு மொத்தமாகத் தருகிறேன் என்றேன். முத்துப்பேச்சி சரி என்றாள். வேண்டாம் என்று சொல்லுகிற இடத்தில் அவள் இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் பரீட்சை முடிவு வந்தது. கணக்கில் எழுபத்தெட்டு. தமிழில் பதினொன்று, இங்கிலீசில் ஒன்பது. பெயில்.

முத்துப்பேச்சி மண்டிக்கு வந்து நின்றாள். புருசனை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"பாஸானாத்தான காசுன்னு பேச்சு," என்றேன்.

"கணக்குல பாஸாயிருக்காளேண்ணே."

"மூட்டையில பாதி வண்டா இருந்தா, யாரு தாயி வாங்குவா?"

"பிரிச்சு ரெண்டு விலைக்கு வித்துர்றீகளே. அதுக்குத்தான எங்க நாப்பது பேரையும் குனியவச்சிருக்கீக."

பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. பேச்சு பேச்சுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அவள் காதில் தோடு இல்லை.

பொன்னுமணியைக் கொட்டகையில் உட்காரவைத்தேன். அவள் போய் உட்கார்ந்தது முத்துப்பேச்சிக்குப் பக்கத்தில்.

ஒரு மாசம் கழித்துத்தான் கவனித்தேன். கை பாட்டுக்குக் காயைப் பிரிக்கிறது, வாய் பாட்டுக்குப் பாடம் சொல்கிறது. தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம் விரித்துக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு பழைய அட்டை, நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு நேரத்துக்கு ஒரு வார்த்தைதான் தெரியும். பொன்னுமணி அதைப் படித்ததும் அட்டையை நகர்த்துவாள், அடுத்த வார்த்தை வரும்.

"சோலி நேரத்துல என்ன இது?"

"ஒத்தையா வந்தா எழுத்து ஊரலையாம்ணே. கூட்டமா வந்தாத்தான் ஊருதாம்."

"நான் கேட்டது சோலியை."

"சாயங்காலம் தராசுல போட்டுப் பாருங்க. குறைஞ்சிருந்தா கூலியில பிடிச்சுக்கங்க."

போட்டுப் பார்த்தேன். குறையவில்லை. வண்டுக்காய் ஒன்றுகூட நல்ல காயோடு கலக்கவில்லை. என் கண்ணுக்குத் தப்பிய காய் போடியில் கிடையாது, ஆகையால் நம்பிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. காசைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ரெண்டு வருசம் இப்படியே போனது. ஏலத்தூசியில் அவளுக்கு இருமல் பிடித்தது. இருமி முடித்துவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி சொல்லுவாள்.

1979-இல் தேவாரத்திலிருந்து பொன்னுமணியைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், தோட்டந்துரவு உண்டு. முடித்துவிடலாம் என்று இருந்தேன். பொன்னுமணி வந்து எதிரில் நின்றாள்.

"அய்யா, பள்ளிக்கூடம் போகாமலே எட்டாவது பரீட்சையைத் தனியா எழுதலாமாம். முத்துப்பேச்சி அத்தை விசாரிச்சிருக்கு. பாஸாயிட்டா நான் மண்டியில கணக்கு எழுதுறேன்."

"பாஸாகலேன்னா?"

"தேவாரத்துக்குப் போறேன்."

அவளும் என்னைப்போலவே வியாபாரம் பேசினாள். எனக்குள்ளே சிரிப்புதான். சரி என்றேன்.

பரீட்சை தேனியில். முதல் நாள் தமிழ். சாயங்காலம் பஸ்சை விட்டு இறங்கியவளின் முகம் செத்துப்போயிருந்தது. காப்பியடிக்கக் கொண்டுவந்த சீட்டு என்று நினைத்து, மேற்பார்வைக்கு வந்தவர் அந்த அட்டையைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டாராம்.

முத்துப்பேச்சி கொட்டகைச் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். எழுந்திருக்கவில்லை. "அப்புறம் என்ன ஆத்தா செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்னுமணி ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் கொஞ்சம் சந்து விட்டுக் காட்டினாள். "இப்படி வச்சுப் படிச்சேன். கடைசி ரெண்டு கேள்விக்கு நேரம் பத்தல."

"அட்டையைக் கொண்டுபோறதுக்கு முந்தி நான் யோசிச்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிவு வர ரெண்டு மாசம் ஆனது. தேவாரத்துக்காரர்கள் ரெண்டு தடவை ஆள் விட்டார்கள். தபாலில் மார்க் சீட்டு வந்த அன்று மண்டியில் கூட்டம். பொன்னுமணி கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக எனக்குப் படித்துக் காட்டினாள். இங்கிலீசு முப்பத்தஞ்சு. தமிழ் முப்பத்தெட்டு. கடைசியில் இருந்த வார்த்தையை மெதுவாக, ரெண்டு தடவை படித்தாள். தேர்ச்சி.

கணக்குப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவளை மேசையில் உட்காரவைத்தேன். பிறகு கொட்டகைக்கு ஆள் விட்டு முத்துப்பேச்சியை வரச்சொன்னேன்.

அவள் முந்தானையில் தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விசயத்தைக் கேட்டதும், "சரி," என்றாள். மூட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சந்தோசம் வருவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

நாலு பேர் பார்க்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்: "நான் பேச்சு மாறாதவன். பாஸாயிட்டா. இந்தா, கையை நீட்டு."

நீட்டினாள். அந்தக் கையில் காய்ப்பச்சை ஏறி ரேகை தெரியவில்லை. பத்து ரூபாய்த் தாளாக ஒவ்வொன்றாக வைத்தேன். பத்து, இருபது, முப்பது. அறுபது ஆனதும் நிறுத்தினேன்.

அவள் கையை மூடவில்லை.

"அறுபது ஆச்சு தாயி. பத்து மாசம்."

கை அப்படியே விரிந்திருந்தது. நான் மகளைப் பார்த்தேன். பொன்னுமணி மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"கொட்டகையில சொல்லிக்குடுத்தது இருபத்திநாலு மாசம் அய்யா. ஆறு ரூபா வீதம் நூத்திநாப்பத்திநாலு. மொத்தம் இருநூத்திநாலு."

இருமலை அடக்கிக்கொண்டு, முத்துப்பேச்சி முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"எண்ணுங்கண்ணே," என்றாள்.

கல்லாவை மறுபடி திறந்தேன். எழுபது, எண்பது, தொண்ணூறு. விரித்த கையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன். இருநூறுக்குப் பிறகு தாள் இல்லை. நாலு ஒற்றை ரூபாய்க் காசாகத் தேடி எடுத்து, அந்தத் தாள்களின்மேல் வைத்தேன்.