புக்கிட் பாடாக் பிளாட்பாரத்தில் ஒரு வெள்ளை கோட்

சகோதரிகளே, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு பிள்ளைக்காக ஜெபியுங்கள், பெயர் சொல்ல முடியாது, சாயங்காலம் ஐந்து மணிக்குள்" என்று. என்ன ஏது என்று பலர் கேட்டீர்கள். நான் பதில் போடவில்லை. போட முடியாத நிலைமை. இப்போது அந்தப் பிள்ளையே "சொல்லுங்க டாக்டர்" என்று அனுமதி கொடுத்துவிட்டாள். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். தர்ஷினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று கூட நின்று ஜெபித்தவர்கள் நீங்கள், முடிவையும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நான் பார்மசி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள். அதோடு சில மாணவர்களுக்கு அட்வைசரும்கூட. ஒவ்வொரு செமஸ்டரும் எந்தெந்தப் பாடம் எடுக்கிறார்கள் என்று அவர்கள் போர்ட்டலில் பதிய வேண்டும், நான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டும் நடந்தால்தான் பதிவு செல்லும். கேட்பதற்கு லேசான வேலைதான். ஆனால் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் போர்ட்டல் தானாக மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் திறக்காது.

தர்ஷினி பார்மசூட்டிக்ஸ் பாடத்தில் இரண்டு முறை தோற்றவள். மாத்திரை, சிரப், களிம்பு எல்லாம் எப்படித் தயாராகின்றன என்று சொல்லித்தரும் பாடம் அது. அதைத் தாண்டாமல் படிப்பை முடிக்க முடியாது. வருடத்தில் ஒரு செமஸ்டரில்தான் நடத்துகிறோம். மூன்றாவது முறைதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை பதியாமல் விட்டால் அவள் பெயரைப் படிப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இது அவளுக்கும் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் செமஸ்டர் தொடங்கியதிலிருந்து அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. ஃபோன் அடித்தால் அணைத்து வைத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை போர்ட்டலைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே காலியாக இருந்தது. அவளுக்குப் பதில் நான் பதிய முடியாது, அவளுடைய பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லவும் முடியாது. இருபது வயது தாண்டிய பிள்ளை, அவள் மதிப்பெண்ணை அவள்தான் வீட்டில் சொல்ல வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது. அது சரியான விதிதான். ஆனால் அன்று அந்த விதி என் கையைக் கட்டிப்போட்டது. இதற்கெல்லாம் மேலே இன்னொரு பயம் இருந்தது. ஒரு பிள்ளை இத்தனை நாள் சத்தமே இல்லாமல் இருந்தால் என்னென்ன நடந்திருக்கலாம் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். "ஆண்டவரே, அவள் உயிரோடு இருக்கட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஜெபித்தேன். சிரிக்காதீர்கள். என் குணம் உங்களுக்குத் தெரியும். கர்த்தருக்கே வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவள் நான். அப்புறம்தான் உங்களுக்குச் செய்தி போட்டேன். ராணி அக்கா உடனே ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினார். அதைக் கேட்கக்கூடப் பொறுமை இல்லாமல், கோப்பில் இருந்த அவளுடைய கிள்ளான் வீட்டு முகவரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் கார் அன்று பார்த்து வொர்க்ஷாப்பில். ஃபோனில் ஒரு வண்டி பிடித்துப் போனேன். வழியெல்லாம் ட்ராஃபிக் ஜேம். டிரைவர் பையன் ரேடியோ போட்டான், நிறுத்தச் சொன்னேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மூன்றரை மணி தாண்டிவிட்டது. அவளுடைய அப்பா வாசலில் ஸ்கூல் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. முதலாம் ஆண்டு அறிமுக நாளில் அவரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். என்னைக் கண்டதும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். பக்கத்தில் ஒரு வேலையாக வந்தேன் அண்ணே, தர்ஷினியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். பொய் சொன்னாயா என்று கேட்காதீர்கள். பக்கத்தில் வேலை இருந்தது உண்மை. அந்த வேலையே அவர் மகள்தான்.

"புள்ள கிளாஸுக்குப் போயிருக்கு டாக்டர்," என்றார். "எப்பவும் போல காலையிலயே கோட்ட அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போச்சு."

உயிரோடு இருக்கிறாள். முதலில் அந்த நினைப்புதான் வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நொடியே மறுபடி பயம். எந்தக் கிளாஸுக்கு? தினமும் லேபுக்குப் போடும் வெள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு இந்தப் பிள்ளை எங்கே போகிறாள்? இதை அவரிடம் எப்படிக் கேட்பது? சிரித்த முகத்தோடு, அப்படியா அண்ணே, பரவாயில்லை, அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்புகளில் அதுதான் கஷ்டமான சிரிப்பு.

அவர் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். எப்படித் திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். வண்டி பிடிப்பேன் என்றேன். ஃபெடரல் ஹைவே இந்நேரம் நகராது, கொமுட்டர் ட்ரெயின்தான் நல்லது, நானே ஸ்டேஷனில் ஏற்றிவிடுகிறேன் என்று வேன் கதவைத் திறந்தார். பிள்ளைகள் உதிர்த்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினேன். கிள்ளான் ஸ்டேஷன் திருப்பம் வந்தது. அவர் திரும்பவில்லை, நேரே விட்டார்.

"அண்ணே, ஸ்டேஷன் போயிருச்சு."

"அங்க பார்க்கிங் கஷ்டம்லா டாக்டர். அடுத்த ஸ்டேஷன்ல விடறேன். கூட்டமே இருக்காது."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. மணி நாலைத் தாண்டியாகிவிட்டது. ஒரு பிள்ளையின் எதிர்காலம் மூடப்போகிறது, இந்த மனுஷன் பார்க்கிங் கணக்குப் பார்த்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். வாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெபம்கூட வரவில்லை, கர்த்தரிடம் சண்டைதான் வந்தது. இப்படியா உதவி செய்வீர், நான் கேட்டது என்ன நீர் செய்வது என்ன என்று உள்ளுக்குள்ளே கேட்டுக்கொண்டே போனேன். புக்கிட் பாடாக் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார். தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு இறங்கி ஓடினேன்.

பிளாட்பாரத்தில் அதிகம் யாருமில்லை. கடைசிப் பெஞ்சில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போனேன். தர்ஷினி. அயர்ன் கலையாத கோட், மடியில் பை, தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. திட்டுவதற்கு எல்லாம் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் எல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றுகூட அவள் கேட்கவில்லை. தினமும் இங்கேதானா என்றேன். தலையை ஆட்டினாள். வீட்டில் இரண்டு முறை தோற்றதே தெரியாதாம். இன்றைக்குக் கடைசி நாள் என்று தெரியுமா என்றேன்.

"தெரியும் டாக்டர். அஞ்சு மணி ஆவட்டும்னுதான் உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது, நீங்களும் ஒண்ணும் பண்ண முடியாது."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு ட்ரெயின் வரும் சத்தம் கேட்டது. என்னை அறியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ட்ரெயின் நின்று, கிளம்பிப் போகிற வரைக்கும் விடவில்லை.

பிறகு பேசினோம். அவள் ஏன் தோற்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூடப் படிக்கிறவர்கள் முன்னே போய்விடுவார்களே என்று, தோற்ற பாடத்தோடு மற்றப் பாடங்களையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து எடுத்திருக்கிறாள். லேப் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம், தூக்கமே இல்லை. இந்த முறையும் அப்படித்தான் எடுக்க வேண்டும், மறுபடி தோற்பேன் என்று முடிவே கட்டிவிட்டாள். இந்தப் பாடத்தையும் கூட ஒரு லேசான பாடத்தையும் மட்டும் எடுக்கலாம், அட்வைசர் காரணம் எழுதிக் கொடுத்தால் போதும், நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"அப்ப என் பேட்ச் போயிருமே டாக்டர்."

"போகட்டும்டி. மருந்து வாங்க வர்றவங்க நீ எந்த பேட்ச்னு கேட்டுக்கிட்டா வாங்குவாங்க?"

லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள். அழு, அழுதுகொண்டே ஃபோனைத் திற என்றேன். இத்தனை நாள் செய்திகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து கொட்டின. போர்ட்டல் திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசி நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் நிற்பார்கள். ஒருவழியாகத் திறந்தால் பாஸ்வேர்ட் தப்பு என்றது. நான் வாய்விட்டே ஜெபித்தேன். பக்கத்துப் பெஞ்சு மலாய்க்கார அம்மா திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தாள். உள்ளே போனது. இரண்டு பாடம், ஒரு லேப் குழு, அனுப்பினாள். என் ஃபோனில் அவள் பெயர் வந்தது. காரணத்தை இரண்டு வரியில் எழுதி ஒப்புதலை அழுத்தினேன். மறுபடி அந்தப் பாழாய்ப்போன வட்டம். அவள் ஃபோனில் "பதிவு முடிந்தது" என்று வந்தபோது ஐந்துக்குச் சில நிமிஷங்கள்தான் மிச்சம்.

ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எதிர்ப்பக்கம் ரோட்டு ஓரத்தில் ஸ்கூல் வேன் நின்றுகொண்டிருந்தது. "அப்பா வேன்" என்றாள். என்னை இறக்கிவிட்ட நேரத்திலிருந்து அது போகவே இல்லை. போய்ச் சொல், நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று போனாள். தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் நின்று பேசினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டார். அவள் பேசி முடிக்கும் முன்னமே பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவரே என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலேயே விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நகராது என்று அவர் சொன்ன அதே ஃபெடரல் ஹைவேயில் ஊர்ந்து போனோம். தர்ஷினி பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"போன வாரமே பாத்துட்டேன் டாக்டர். ஸ்கூல் புள்ளைங்கள விட்டுட்டு வர்றப்ப. வெள்ளை கோட்டு. எம்புள்ள உக்கார்ற விதம் எனக்குத் தெரியாதா? நான் போய் முன்னால நின்னா ஒடஞ்சு போயிரும். அதான் கையில வேலை இல்லாதப்பல்லாம் எதிர்ல வேன நிறுத்திப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு ட்ரெயின் வர்றப்பவும் உசுரு போயி போயி வரும். கோயில்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். இந்தப் படிப்பு வெவரம் தெரிஞ்ச ஆளு யாராச்சும் ஒருத்தர அனுப்புன்னு. இன்னிக்கு நீங்க வந்து கேட்டுல நிக்கிறீங்க."

என்னிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றேன்.

"நீங்க எம்புள்ள மானத்தக் காப்பாத்துறதுக்கு மறைக்கிறீங்க. அப்பன்காரன் நான் எப்படி விட்டுக் குடுப்பேன்?"

திரும்பிப் பார்த்தேன். தர்ஷினி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்தப் பாடத்தில் தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் தேறிவிட்டாள். ஒரு பேட்ச் பின்னால் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இப்போதெல்லாம் அப்பாதான் முதலில் கேட்கிறாராம், இந்த செமஸ்டர் என்ன பாடம்மா என்று. நானும் மாறிவிட்டேன். போர்ட்டலில் ஒப்புதலை அழுத்தும் முன் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் கேட்டுவிடுகிறேன்.

அவர் எந்தச் சந்நிதியில் நின்று கேட்டார் என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றி என்னிடம் வாதம் பண்ண வராதீர்கள். நான் அறையைச் சாத்தி ஜெபித்ததற்கு முன்னாலேயே ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். என் ஜெபத்துக்குப் பதில் வரும் வரும் என்று நான் பதறிக்கொண்டிருந்தேன். அந்தத் தகப்பன் கேட்டதற்கு விடையாக என்னை அனுப்பியிருக்கிறார் என் ஆண்டவர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, நன்றி சொல்ல வார்த்தை வராமல் அழுகைதான் வருகிறது.

உங்களில் யாருக்காவது இப்போது ஒரு கதவு மூடப்போகிறது என்றால், ஜெபம் பண்ணுங்கள், பண்ணிவிட்டு எழுந்து கிளம்புங்கள். வழியில் உங்களை யாராவது ஸ்டேஷனைத் தாண்டிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனால், என்னைப் போலச் சண்டை போடாமல் கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருங்கள். நம்மை எங்கே இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.