என்ஜினை இறக்காமல்

புருஷன் இறந்த பிறகு மெக்கானிக் ஷெட்டில் பாதி அவளுக்கு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், கொழுந்தனைத் தவிர. அவன் அண்ணனோடு சரிக்குச் சரியாகக் கிரீஸில் புரண்டவள்தான். இருந்தாலும் அவன் கணக்கில் அவள் டீ கொண்டுவரும் அண்ணி. வருகிறவர்களிடம் அவளைத் 'திருப்புளி' என்று சொல்லிச் சிரிப்பான். அவள் அந்தப் பெயரையே பலகையில் எழுதித் தன் பக்கத்து வாசலில் மாட்டினாள். அன்றோடு அவன் சிரிப்பு நின்றது.

ஒருநாள் கண் ஆஸ்பத்திரி நர்ஸ் தன் பழைய காரைக் கொண்டுவந்தாள். பின்னால் என்ஜின் வைத்து, தண்ணீரே கேட்காமல் காற்றில் ஆறும் ரகம். நின்ற இடமெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. ஹீட்டரைப் போட்டால் உள்ளே கருகல் வாடை. திருப்புளி குனிந்து பார்த்தாள். வால்வைத் தள்ளும் கம்பிகள் ஓடுகிற தகரக் குழாய்கள் துருவேறி, முனை ரப்பர்கள் காய்ந்து கசிந்தன.

என்ஜினை இறக்காமல் குழாயை மாற்றவே முடியாது என்று கொழுந்தன் தன் பக்கத்திலிருந்தே சொன்னான். இறக்க, சங்கிலியில் கட்டித் தூக்கும் செயின் பிளாக் வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய அதில் இப்போது அவன் பூட்டு தொங்கியது.

"வண்டிய இந்தப் பக்கம் தள்ளுங்க சிஸ்டர். அண்ணி கைல குடுத்தா பார்ட் பார்ட்டா மூட்டையாத்தான் திரும்பி வரும்."

நர்ஸ் தயங்கினாள். இறக்க வேண்டாம், சுருங்கி விரியும் ஸ்பிரிங் குழாய் கிடைக்கிறது, படுத்தபடியே மாட்டிவிடலாம் என்றாள் திருப்புளி, அவனைத் திரும்பியும் பார்க்காமல்.

மறுநாள் காலை ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து உள்ளே நுழைந்தாள். வால்வு மூடியைத் திறந்து, வால்வை அமுக்கும் ராக்கரைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி அட்டையில் வரிசையாக வைத்தாள். பழைய குழாயை இடுக்கியால் நசுக்கி இழுக்கும்போது விளக்கு அணைந்தது. மெயின் சுவிட்சில் வேலை இருக்கிறதாம் கொழுந்தனுக்கு. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அவனைத் திட்ட வந்ததெல்லாம் அதனால் தொண்டையிலேயே நின்றது.

கொஞ்ச நேரத்தில் கம்பிகள் உருளும் சத்தம். அட்டை கவிழ்ந்து கிடந்தது.

"தெரியாம கால் பட்டுடுச்சு அண்ணி."

எந்தக் கம்பி எங்கே தேய்ந்து பழகியதோ, அங்கேதான் திரும்பப் போக வேண்டும். அது அவனுக்கும் தெரியும். அவள் வெளியே வந்து டார்ச்சைத் துப்பினாள்.

"தம்பி, உங்க அண்ணன் முகத்துக்காகத்தான் இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தேன். இப்பல்லாம் அந்த முகமே எனக்கு மறந்துட்டு வருது. தள்ளி நில்லுங்க."

அவன் தள்ளி நின்றான். ஒவ்வொரு கம்பியிலும் அதன் வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று அவள் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. பொறுக்கித் துடைத்து, புதுக் குழாய்களை அமுக்கி உட்காரவைத்து, கம்பிகளைச் சேர்த்து, வால்வு இடைவெளியையும் சரிபார்த்தே எழுந்தாள்.

அடுத்த வாரம் நர்ஸ் காரைக் கொண்டுவந்து காட்டினாள். கீழே ஒரு சொட்டு இல்லை. திருப்புளி அந்தப் பக்கம் போனதும் கொழுந்தன் குனிந்து குழாயைத் தடவினான். விரல் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

அந்த மாதமே ஷெட்டுக்கு நடுவில் சுவர் எழுப்ப ஆள் விட்டான். செங்கல் தலைக்கு மேல் உயர்ந்ததும், அவள் பக்கமும் பூசட்டுமா என்று கொத்தனார் கேட்டார்.

"பூசுங்கண்ணே. கெட்டியா பூசுங்க, அலமாரி அடிக்கணும்," என்றாள்.