அவசரப்பட்டு வாங்கிய லட்டு

மூச்சுநோய் வந்த கன்றுகளின் மூக்குச்சளியை எங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அதிலுள்ள பக்டீரியாவில் நோயைக் கடுமையாக்கும் மரபணு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எப்போதும் கண்டுபிடிப்பது என்னோடு வேலைசெய்யும் யசோதான். எங்கள் தமிழ்க்கடைகள் இருக்கும் லாச்சப்பலிலும் அவளுடைய கெட்டித்தனம்தான் கதை. எனக்குப் பற்றியெரியும்.

ஒருநாள் என் டியூப்கள் எல்லாவற்றிலும் அந்த மரபணு தெரிந்தது. மறுநாளே லாச்சப்பலில் லட்டு வாங்கிப்போய் எல்லோருக்கும் கொடுத்தேன். யசோ சாப்பிட்டுவிட்டு வந்து என் முடிவைப் பார்த்தாள்.

“அக்கா, ஒப்பிட வைச்ச வெறும் தண்ணி டியூப்பிலையும் இருக்கெண்டு காட்டுதே. தண்ணியிலை அது இருக்கேலாது, எங்கையோ கலந்துபோச்சு.”

அறிக்கை போயிருந்தால் மருந்து தேவையில்லாத கன்றுகளுக்கும் அதை ஏற்றியிருப்பார்கள்.

இப்போது தண்ணீர் டியூப்பைத்தான் முதலில் பார்க்கிறேன். மறுபடி லட்டு வாங்க இன்னும் வாய்க்கவில்லை. போன கிழமை யசோ, தான் கண்டுபிடித்ததற்கு லட்டு கொண்டுவந்தாள். இனிப்புக் காணாது, இன்னும் போட்டிருக்கலாம் என்றேன்.