எரியவிட்டுக் காட்டட்டுங்களா

திருப்பூர்க் கோர்ட்டு வராந்தாவில் ஒரு வேன் டிரைவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டை மீசை, கையில் ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணி. வீரபாண்டிச் சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றும் வேனில், விதியை மீறிக் கலர் விளக்குகள் மாட்டியதாக அவர்மேல் வழக்கு. வேன் வாசலிலேயே நின்றது. கால்மணிக்கு ஒருதரம் எழுந்துபோய் அந்த விளக்குகளைத் துடைத்துவிட்டு வந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களா?" என்றார் நீதிபதி.

"ஒத்துக்கறனுங்க ஐயா. கழட்டறதுக்கு முன்னால ஒருக்கா எரியவிட்டுக் காட்டட்டுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நீதிபதி சிரிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தவர் வராந்தாவில் வந்து நின்றுவிட்டார். வெளியே மழை இருட்டு கட்டியிருந்தது. டிரைவர் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். பச்சையும் ஊதாவும் மஞ்சளும் வேனைச் சுற்றிச் சுற்றி ஓடின. வக்கீல்கள், போலீஸ்காரர்கள், நான், எல்லோரும் படிக்கட்டுக்கு முண்டியடித்தோம். தேர் நிலையைவிட்டு நகரும்போது அடித்துக்கொள்வதுபோல என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் நீதிபதி. "சாயங்காலத்துக்குள்ள கழட்டிருங்க."

கழற்றும்போது டிரைவரிடம் வருத்தமே தெரியவில்லை. ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தார். ஒவ்வொன்றையும் துடைத்துப் பையில் போட்டபடி, "உங்களுது என்ன கேசுங்க?" என்றார்.

"ஸ்கூட்டர்ல ஹெட்லைட் எரியலைன்னு பிடிச்சுட்டாங்க."

அவர் கை அப்படியே நின்றது. அன்றைக்கு முதல்முறையாக அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

"ஒன்னே ஒன்னு, அதுகூடவாங்க எரியல?"